புனாவில் பப்பாளி பிழைத்தது எப்படி: வளையப்புள்ளி வைரஸ் குறித்த நிகழ்வு ஆய்வு

1992 மே மாதம் ஹவாய்த் தீவின் புனா மாவட்டத்தில், பஹோவா என்ற ஊரை ஒட்டிய பப்பாளித் தோட்டங்களில் வளையப்புள்ளி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது ஹவாய் மாநிலத்தின் பப்பாளியில் சுமார் 95 சதவீதம் அந்த ஒரு மாவட்டத்தில்தான் விளைந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் தோட்டங்களில் பெரும்பகுதி நோயில் விழுந்தது. 1998 மே 1 அன்று, மரபணு மாற்றத்தால் வைரஸை எதிர்க்கும் புதிய ரகங்களின் விதை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. தொழில் மீண்டது.

இந்தச் சம்பவத்தை மரபணு மாற்றப் பயிர் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பப்பாளியைக் காப்பாற்றியது பப்பாளிச் செல்லிலேயே காலங்காலமாக இருக்கும் ஒரு பாதுகாப்பு முறை. அந்தச் செடியை உருவாக்கியவர்கள் வேறொரு காரணத்தை நம்பி அந்த வேலையில் இறங்கினார்கள். உண்மையான காரணம் துலங்கியது செடி கையில் வந்த பிறகு. அந்த ரகத்தின் பலம் எது, எந்த இடத்தில் அது தோற்கும் என்ற இரண்டுக்கும் விடை செல்லுக்குள் இருக்கிறது. அதனால் இந்த ஆய்வில் தோட்டத்தைவிடச் செல்லுக்குள்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

தீவும் தோட்டமும்

புனா எரிமலைப் பாறை நிலம். கிலாவியா கக்கிய குழம்பு குளிர்ந்து உடைந்த கல்தான் அங்கே தரை. மழை நிறையப் பெய்யும், ஆனால் தண்ணீர் நிற்காது, வேர் அழுகாது. பப்பாளிக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கஷ்டம். கப்போஹோ என்ற மஞ்சள் சதை ரகம் அந்த மண்ணுக்கே பழகிப்போனது. தோட்டக்காரர்களில் நிறையப் பேர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறிய முதல் தலைமுறையினர்.

பப்பாளி புனாவுக்கு வந்ததே இந்த வைரஸுக்குப் பயந்துதான். முன்பு சாகுபடி ஓஹு தீவில் நடந்தது. 1940-களில் அங்கே நோய் தெரிந்தது. வளையப்புள்ளி என்ற பெயரை 1949-இல் வைத்தவர் ஜென்சன் என்ற ஆய்வாளர். 1950-களின் கடைசியில் தொடங்கி, வைரஸ் இல்லாத புனாவுக்குச் சாகுபடி நகர்ந்தது. நகர்ந்தாலும் வைரஸ் வெகுதூரத்தில் இல்லை. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஹிலோ நகரத்து வீட்டுத் தோட்டங்களில் அது இருந்தது. மாநில வேளாண் துறை ஆட்கள் வீடு வீடாகப் போய், நோய் கண்ட மரத்தை வெட்டி, புனாவுக்குள் வராமல் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தார்கள். 1992-இல் அந்த வேலி உடைந்தது. புனாவுக்குள்ளும் மரம் மரமாக வெட்டிப் பார்த்தார்கள். 1994 கடைசியில், இனி வெட்டி அழிக்க முடியாது என்று துறை கைவிட்டுவிட்டது.

நோய் வந்த மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது குருத்து. இளம் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். இலைக்காம்பிலும் தண்டின் மேல்பகுதியிலும் எண்ணெய்ப்பசை படிந்தாற்போன்ற கரும்பச்சைக் கோடுகள் ஓடும். அப்புறம் புது இலைகளின் பரப்பு சுருங்கி, நரம்பு மட்டும் மிஞ்சிய நாடாவாகத் தொங்கும். காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளி. காய்ப்பு குறையும், பழத்தில் இனிப்பு ஏறாது. இளம் கன்றில் நோய் பிடித்தால் அந்தக் கன்றில் விற்கிற மாதிரி ஒரு பழம்கூட எடுக்க முடியாது.

மருந்தடித்தும் நிற்காதது ஏன்

இந்த வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. விதை வழியாக வைரஸ் போவதில்லை. அப்படியானால் அசுவினியைக் கொன்றால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். போதாது. பப்பாளி அசுவினி குடியிருக்கும் செடி அல்ல. பறந்து போகிற வழியில் இலையில் உட்காரும், வாயிலுள்ள ஊசியைச் செருகி ருசி பார்க்கும், பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் போகும். அந்த ருசி பார்ப்பதற்கு ஆவது சில வினாடிகள். வைரஸ் ஏறவும் இறங்கவும் அதுவே போதும். பூச்சிமருந்து வேலை செய்து அசுவினி சாவதற்குள் அது நாலைந்து மரத்தில் ஊசி போட்டு முடித்திருக்கும்.

வைரஸ் அசுவினியின் உடம்புக்குள் போய்ப் பெருகுவதும் கிடையாது. ஊசியின் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அந்த ஒட்டுக்கு வைரஸே ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அதை எச்சி-புரோ என்பார்கள். அதன் ஒரு பகுதி ஊசியின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பகுதி வைரஸின் உறைப்புரதத்தைப் பிடிக்கும். உறைப்புரதத்தில் அது பிடிக்கும் இடம் அஸ்பார்டிக் அமிலம், அலனைன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும் ஒரு துணுக்கு. அதில் ஒன்று மாறினாலே அசுவினியால் அந்த வைரஸைக் கடத்த முடியாமல் போகலாம். ஒரு மாவட்டத்தின் பொருளாதாரமே மூன்று அமினோ அமிலங்களின் பிடியில் தொங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்த எச்சி-புரோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் இதற்கு இன்னொரு வேலை இருக்கிறது, கதையின் பாதி அதில்தான்.

செல்லுக்குள் நடப்பது

விலங்குகளைத் தாக்கும் வைரஸ், செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏதாவது ஒரு ஏற்பியைப் பிடித்து உள்ளே நுழைகிறது. தாவரச் செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. வைரஸால் தானாக அதைத் துளைக்க முடியாது, யாராவது ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அசுவினியின் ஊசி செய்வது அதைத்தான். மேல்தோல் செல் ஒன்றின் சுவரையும் சவ்வையும் துளைக்கிறது, ஆனால் செல் சாவதில்லை. அந்த உயிருள்ள செல்லில் சில வைரஸ் துகள்கள் இறங்குகின்றன.

தாவரங்களைத் தாக்கும் பாக்டீரியாக்கள் போகும் வழி வேறு. அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியிலோ நீர்க்குழாய்களிலோ தங்கிக்கொண்டு, நுண்ணிய ஊசிக்குழல் ஒன்றைச் சுவர் வழியாக நீட்டித் தங்கள் புரதங்களை உள்ளே செலுத்துகின்றன. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயில் அப்படிச் செலுத்தப்படும் புரதம் நெல்லின் உட்கருவுக்கே போய், சர்க்கரையை வெளியே விடும் மரபணுவை இயக்கிவிடுகிறது. பாக்டீரியா வெளியே இருந்தபடி செல்லை ஏவுகிறது. வைரஸுக்கு அந்த வசதி கிடையாது. புரதம் செய்யும் ரைபோசோமே அதனிடம் இல்லை. செல்லுக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

வளையப்புள்ளி வைரஸ் போட்டிவைரஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. துகள் வளையக்கூடிய ஒரு நூல். நீளம் சுமார் 800 நானோமீட்டர், தடிமன் 12 நானோமீட்டர். நடுவில் சுமார் 10,300 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. அதைச் சுற்றிச் சுருளாக ஏறக்குறைய 2,000 உறைப்புரத மூலக்கூறுகள். செல்லுக்குள் வந்ததும் உறை கழன்று ஆர்என்ஏ வெளியே வருகிறது. அதன் முனையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு புரதம், செல் தன் சொந்த ஆர்என்ஏவைப் படிக்கத் தொடங்கப் பயன்படுத்தும் தொடக்கக் காரணிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு செல்லின் ரைபோசோம்கள் வைரஸின் ஆர்என்ஏவையும் வேறுபாடில்லாமல் படிக்கின்றன.

படித்து வருவது ஒரே ஒரு நீண்ட புரதம், 3,300-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. முழுக் கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவது போல, அந்தப் புரதத்துக்குள்ளேயே இருக்கும் மூன்று வெட்டும் நொதிகள் அதைப் பத்துத் துண்டுகளாக்குகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேலை. பதினொன்றாவதாக இன்னொரு சிறிய புரதமும் இதே ஆர்என்ஏவில் வேறு வாசிப்பில் ஒளிந்திருக்கிறது என்பது 2008-இல்தான் தெரிந்தது. போட்டிவைரஸ்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்களின் கண்ணுக்கு அது அதுவரை படவில்லை.

அடுத்தது பெருகுவது. ஆர்என்ஏ வைரஸ் செல்லில் எங்கு வேண்டுமானாலும் நகலெடுத்துவிட முடியாது, அதற்கு மறைவிடம் தேவை. பத்துத் துண்டுகளில் மிகச் சிறியவற்றில் ஒன்றான 6கே2 என்ற புரதம், செல்லுக்குள் விரிந்திருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வை உப்பவைத்துச் சின்னச் சின்னப் பைகளை உருவாக்குகிறது. அந்தப் பைகளில்தான் நகலெடுப்பு நடக்கிறது. போட்டிவைரஸ்களில் நடந்த ஆய்வுகள், இந்தப் பைகள் செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் ஆக்டின் இழைகளின் மேல் நகர்ந்து பசுங்கணிகங்களை ஒட்டிச் சேர்வதைக் காட்டியிருக்கின்றன. ஒற்றை இழையை நகலெடுக்கும்போது இடையில் இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகிறது. வைரஸ் அதைச் சவ்வுக்குள் மறைத்து வைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ தாவரச் செல்லில் சாதாரணமாகக் கிடக்கும் பொருள் அல்ல. அது கண்ணில் பட்டால் செல் உஷாராகிவிடும்.

ஒரு செல்லில் பெருகி என்ன பயன்? அடுத்த செல்லுக்குப் போக வேண்டும். தாவரச் செல்களுக்கு நடுவே சுவரைத் துளைத்துப் போகும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்வழிகள் இருக்கின்றன. சர்க்கரை மாதிரிச் சிறிய மூலக்கூறுகள் அதில் தாராளமாகப் போகும், வைரஸ் அளவுக்குப் பெரிய பொருள் போகாது. இங்கேதான் அந்தப் பதினொன்றாவது புரதம் வருகிறது. அது வழியின் வாயில் போய் நங்கூரமிடுகிறது. அதன்மேல் சிஐ என்ற இன்னொரு வைரஸ் புரதம் கூம்பாக அடுக்கப்பட்டு வழியை நோக்கி நிற்கிறது. அந்தக் கூம்பு வழியாக வைரஸ் அடுத்த செல்லுக்குள் போகிறது. மிச்சமாகும் சிஐ புரதம் செல்லின் நடுவே தகடு தகடாகச் சேரும். அதைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காற்றாடி வடிவம் தெரியும். மரபணு வரிசை படிக்கும் வசதி வருவதற்கு முன்னால், ஒரு வைரஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று சொல்ல அந்தக் காற்றாடி ஒரு முக்கிய அடையாளமாக இருந்தது.

செல் செல்லாகப் போய்ப் புளோயத்தை அடைந்துவிட்டால் சர்க்கரை போகும் பாதையிலேயே குருத்துக்கு வந்துவிடும். நோய் இளம் இலையில் முதலில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

செல்லின் எதிர்ப்பு

தாவரங்களுக்கு நம்மைப் போல எதிர்ப்பணுக்கள் கிடையாது. ஆனால் வைரஸின் எழுத்து வரிசையையே படித்து அடையாளம் வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. இரட்டை இழை ஆர்என்ஏ அகப்பட்டதும் டைசர் என்ற நொதி அதை 21, 22 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டு ஒன்றை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு, அதனோடு பொருந்தும் எழுத்து வரிசை உள்ள ஆர்என்ஏ எங்கே இருந்தாலும் தேடி வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகளை மறுபடி இரட்டை இழையாக்கி மேலும் நறுக்கும் நொதியும் செல்லில் இருக்கிறது. எதிர்ப்பு இப்படிப் பெருகும். சிறு துண்டுகள் புளோயம் வழியாக மற்ற இலைகளுக்கும் போய்ச் சேரும். இதற்கு ஆர்என்ஏ அமைதியாக்கம் என்று பெயர்.

இவ்வளவு இருந்தும் பப்பாளி ஏன் நோயில் விழுகிறது? எச்சி-புரோவால்தான். அசுவினியின் ஊசியில் ஒட்டுவதற்கு உதவிய அதே புரதம், செல்லுக்குள் அந்தச் சிறு ஆர்என்ஏ துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆர்கோநாட்டுக்குத் துண்டு கிடைக்காது, தேடுதல் நின்றுவிடும். போட்டிவைரஸ் குடும்பத்தின் எச்சி-புரோவுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பதை 1998-இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. அவற்றில் ஒன்று தென் கரோலினாவில் விக்கி வான்ஸின் ஆய்வகத்தில் ஆனந்தலட்சுமி முதல் ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை. இலை நாடாவாகச் சுருங்குவதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். இலையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் செடியின் சொந்தச் சிறு ஆர்என்ஏக்களும் இதே இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. வைரஸ் தன்னைக் காத்துக்கொள்ள அந்த இயந்திரத்தை முடக்கும்போது செடியின் வளர்ச்சியும் சேர்ந்து குழம்புகிறது.

ஆக இது ஓர் ஓட்டப்பந்தயம். செல் துண்டுகளைச் சேர்த்து முடிப்பதற்குள் வைரஸ் எச்சி-புரோவைச் செய்து குவித்துவிட்டால் வைரஸ் ஜெயிக்கும். சாதாரணப் பப்பாளியில் வைரஸ்தான் ஜெயிக்கிறது.

55-1 என்ற கன்று

டென்னிஸ் கொன்சால்வெஸ் ஹவாயில் பிறந்து வளர்ந்தவர். நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவர வைரஸ் ஆய்வாளராக இருந்த அவர், 1970-களின் இறுதியிலேயே, புனாவுக்கு வைரஸ் வருவதற்கு வெகு முன்பே, இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். முதலில் எடுத்தது பழைய வழி. வீரியம் குறைந்த வைரஸைக் கன்றுக்குக் கொடுத்தால் வீரியமுள்ளது பின்னால் வந்தாலும் தொற்றாது. ஹவாயில் எடுத்த வைரஸை நைட்ரஸ் அமிலத்தால் மாற்றி எச்ஏ 5-1 என்ற மிதமான வகையைப் பெற்றார்கள். தைவானில் இயே ஷி-டோங் இதில் கூட்டாளி, அங்கே இதைப் பெரிய பரப்பில் பயன்படுத்தினார்கள். பலன் அரைகுறை. ஒவ்வொரு கன்றுக்கும் கையால் தொற்ற வைக்க வேண்டும், சில ரகங்களில் மிதமான வைரஸே நோய் காட்டும், வீரியம் கூடிய வைரஸ் அதையும் மீறிவிடும்.

1986-இல் ரோஜர் பீச்சியின் குழு, புகையிலைத் தேமல் வைரஸின் உறைப்புரத மரபணுவைப் புகையிலைச் செடியிலேயே வைத்து, அந்தச் செடி வைரஸை எதிர்ப்பதைக் காட்டியது. விளக்கம் எளிமையாக இருந்தது: செல்லில் ஏற்கெனவே உறைப்புரதம் நிறைந்திருந்தால், உள்ளே வரும் வைரஸ் தன் உறையைக் கழற்ற முடியாது. கொன்சால்வெஸும் அதே வழியில் போனார். எச்ஏ 5-1-இன் உறைப்புரத மரபணுவை ஜெர்ரி ஸ்லைட்டம் பிரித்தெடுத்து வடிவமைத்தார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மான்ஷார்ட்டும் அவருடைய மாணவி மோரீன் பிட்சும் பப்பாளிக் கருவைத் திசு வளர்ப்பில் செடியாக்கும் வேலையைப் பார்த்தார்கள். மரபணுவை உள்ளே அனுப்பியது ஜீன் துப்பாக்கி: டங்ஸ்டன் தூளில் டிஎன்ஏவைத் தடவி, வேகமாகச் செல்லுக்குள் சுடுவது. மரபணுவை இயக்கும் துண்டு காலிபிளவர் தேமல் வைரஸிலிருந்து வந்தது. கன்றைத் தேர்ந்தெடுக்க உதவும் மரபணுவை இயக்கியது அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் துண்டு. தாவரங்களுக்கு நோய் தருபவற்றின் கருவிகளைச் சேர்த்துத்தான் இந்தச் செடியே கட்டப்பட்டது.

சன்செட் என்ற சிவப்புச் சதை ரகத்தில் வந்த கன்றுகளில் 55-1 என்று எண்ணிடப்பட்ட ஒன்று, 1991-இல் கண்ணாடிக்கூடச் சோதனையில் ஹவாய் வைரஸை முழுமையாக எதிர்த்தது. 1992 ஏப்ரலில் ஓஹு தீவின் வைமனாலோவில் அதன் வயல் சோதனை தொடங்கியது. அடுத்த மாதம் புனாவில் வைரஸ். வைரஸ் வந்த பிறகு வேலையைத் தொடங்கியிருந்தால் புனாவில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

55-1-இன் வழியில் மரபணு இரட்டைப் பிரதியாக நிலைத்த ரகம் சன்அப். ஆனால் புனாக்காரர்களுக்கு வேண்டியது மஞ்சள் சதை. அதனால் சன்அப்பைக் கப்போஹோவோடு கலந்து ரெயின்போ என்ற கலப்பினத்தை உண்டாக்கினார்கள். அதில் அந்த மரபணு ஒரு பிரதிதான்.

நம்பியதும் நடந்ததும்

உறைப்புரதம் தடுக்கிறது என்பது புகையிலைத் தேமல் வைரஸுக்குச் சரி. போட்டிவைரஸுக்கு அது பொருந்தவில்லை. 1992, 1993-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் லிண்ட்போவும் வில்லியம் டோகர்ட்டியும் ஒரு கூர்மையான சோதனை செய்தார்கள். புகையிலையைத் தாக்கும் ஒரு போட்டிவைரஸின் உறைப்புரத மரபணுவை, புரதமாக மாறவே முடியாதபடி திருத்திச் செடியில் வைத்தார்கள். ஆர்என்ஏ மட்டும் உருவாகும், புரதம் துளியும் வராது. அந்தச் செடியும் வைரஸை எதிர்த்தது. அப்படியென்றால் வேலை செய்தது ஆர்என்ஏ. 1999-இல் இங்கிலாந்தின் நாரிச்சில் ஹாமில்டனும் பால்கோம்பும் அந்தச் சிறு ஆர்என்ஏ துண்டுகளைக் கண்டுபிடித்த பிறகு முழுப் படமும் தெளிவாயிற்று. சன்அப், ரெயின்போ இரண்டிலும் நடந்த ஆய்வுகள் பப்பாளியிலும் இதுவே நடக்கிறது என்று காட்டின.

ரெயின்போவின் செல்லில் வைரஸ் வருவதற்கு முன்பே உறைப்புரத வரிசைக்கான சிறு துண்டுகள் தயாராக இருக்கின்றன. வைரஸ் ஆர்என்ஏ உறை கழன்றதும் ஆர்கோநாட் அதை வெட்டுகிறது. எச்சி-புரோ செய்ய வைரஸுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. பந்தயத்தில் செடிக்கு முன்கூட்டியே கிடைத்த அந்த இடைவெளிதான் புனாவைக் காப்பாற்றியது.

பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்டவர்களுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. நோய் கண்ட சாதாரணப் பப்பாளியில் இந்த உறைப்புரதம் ரெயின்போவில் இருப்பதைவிட மிக அதிகம். வைரஸ் பிடித்த பப்பாளியை உலகம் முழுக்க மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

வயலில்

1995 அக்டோபரில் நோய் தலைவிரித்தாடிய கப்போஹோ பகுதியிலேயே பெரிய வயல் சோதனை தொடங்கியது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெரேரா அதை நடத்தினார். மரபணு மாற்றாத மரங்கள் ஓராண்டுக்குள் எல்லாமே நோயில் விழுந்தன. நடுவே ரெயின்போ பச்சையாக நின்றது. விற்பனைக்கு ஏற்ற பழம் ரெயின்போவில் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,25,000 பவுண்டு, நோய் கண்ட மரங்களில் 5,000 பவுண்டு. விவசாயிகள் வேலியோரம் நின்று இதைப் பார்த்தார்கள், அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க அரசு அனுமதிகள் 1996, 1997-இல் முடிந்தன. காப்புரிமை வைத்திருந்தவர்களிடம் உரிமம் வாங்கும் வேலையும் முடிந்து விதை வந்த 1998-இல், புனாவின் விளைச்சல் 1992-இல் இருந்த சுமார் 5.3 கோடி பவுண்டிலிருந்து பாதியாக இறங்கியிருந்தது. இந்த ரகம் ஒரு தனியார் விதை நிறுவனத்தின் சரக்காக வராமல், பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விவசாயிகளின் குழுவும் சேர்ந்து கொண்டுவந்ததாக அமைந்தது இந்த நிகழ்வின் பெரிய நல்வாய்ப்பு என்பேன். விதைக்குக் காசு வாங்காமல் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

எதிர்ப்பும் இருந்தது. 2010-இலும் அதன் பிறகும் புனாவில் இரவோடிரவாகப் பல ஆயிரம் மரங்களை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். ஜப்பான் நீண்ட காலம் இந்தப் பழத்தை அனுமதிக்கவில்லை, 2011 டிசம்பரில்தான் விற்பனைக்கு வழி திறந்தது. அதுவரை ஜப்பானுக்கு மரபணு மாற்றாத கப்போஹோவையே அனுப்ப வேண்டியிருந்தது. அதைப் பயிரிட முடிந்ததற்கும் ரெயின்போவே காரணம். சுற்றுவட்டாரத்தில் ரெயின்போ நிறைந்ததும் வைரஸுக்குப் பெருக மரம் குறைந்தது, அசுவினியின் ஊசியில் ஏற வைரஸும் குறைந்தது. நடுவே நின்ற சாதாரண மரங்களுக்கும் நிழல் கிடைத்தது.

இது எங்கே தோற்கும்

பாதுகாப்பு எழுத்துப் பொருத்தத்தை நம்பி நிற்பதால், வைரஸின் எழுத்து மாறினால் பாதுகாப்பும் தளரும். ஹவாயில் உள்ள வைரஸ்களின் உறைப்புரத மரபணு எச்ஏ 5-1-ஓடு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். வைரஸ் அந்தத் தீவுகளில் பெரிதாகக் கிளை பிரியாததால் அங்கே ஒரே மரபணு போதுமானதாயிற்று. தைவான், தாய்லாந்து போன்ற இடங்களின் வைரஸைக் கொடுத்துச் சோதித்தபோது ரெயின்போ நோயில் விழுந்தது. இரட்டைப் பிரதி உள்ள சன்அப் அவற்றில் சிலவற்றைத் தாங்கியது. இளம் ரெயின்போ கன்றுகள் வளர்ந்தவற்றைவிடச் சீக்கிரம் விழுந்தன. சன்அப் தாங்கியதை ரெயின்போ தாங்காதது, பிரதி குறைந்தால் அமைதியாக்கம் குறைகிறது என்பதற்குக் கண்கூடான சாட்சி.

தைவானில் உள்ளூர் வைரஸின் மரபணுவையே வைத்துத் தனியாகப் பப்பாளி உருவாக்கினார்கள். நன்றாகத்தான் நின்றது. பிறகு 5-19 என்ற வைரஸ் வகை அதை மீறியது. இங்கே எழுத்துப் பொருத்தம் பிரச்சினை இல்லை. 5-19-இன் எச்சி-புரோ அவ்வளவு வலுவானது, தயாராக இருந்த அமைதியாக்கத்தையே அடக்கிவிட்டது. அது போதாதென்று, இலைச்சிதைவுத் தேமல் வைரஸ் என்ற வேறொரு போட்டிவைரஸும் அந்தச் செடிகளில் தொற்றியது. எழுத்து வரிசை வேறு என்பதால் அதற்கு எதிராகச் செடியிடம் எதுவும் தயாராக இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு வைரஸின் எச்சி-புரோ மரபணுவையே குறிவைப்பது, இரண்டு வைரஸ்களின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவது என்று தைவானில் வேலை திரும்பியது. சீனாவின் குவாங்டாங்கில் 2006 முதல் பயிராகும் ஹுவானோங் என்ற பப்பாளியில் உறைப்புரத மரபணுவுக்குப் பதில் நகலெடுக்கும் நொதியின் மரபணு இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் பப்பாளிக்கு முதல் எதிரி இந்த வளையப்புள்ளி வைரஸ்தான். ரெட் லேடி என்ற பப்பாளி ரகத்தை நட்டவர்களிடம் பேசினால் இந்த நோயைப் பற்றிப் பேசாமல் பேச்சு முடியாது. சரி, ரெயின்போ விதையைக் கொண்டுவந்து நட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், நட்டாலும் அது நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்திய வைரஸ்களின் உறைப்புரத மரபணுவில் இடத்துக்கு இடம் வேறுபாடு மிக அதிகம். எச்ஏ 5-1-ஐப் படித்து வைத்திருக்கும் செல்லுக்குக் கோயம்புத்தூர் வைரஸின் வரிசை அந்நியமாகத்தான் இருக்கும். நமக்கென்று ஒரு செடி கட்டுவதானால், நம் வயல்களின் வைரஸ்களைப் பல மாவட்டங்களில் எடுத்து, எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் பகுதியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போதைக்கு நம் தோட்டத்தில் செய்யக்கூடியவை அசுவினியின் பழக்கத்தைப் பயன்படுத்துபவை. நாற்றை வலைக்குள் வளர்ப்பது, நோய் கண்ட மரத்தை உடனே பிடுங்குவது, நடுவதற்கு முன்பே வயலைச் சுற்றி மக்காச்சோளத்தை நெருக்கமாக விதைப்பது. மக்காச்சோள வரிசை உயர்ந்து நிற்கும்போது வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் அதில் உட்கார்ந்து ஊசி போடும். ஊசி நுனியில் ஒட்டியிருக்கும் வைரஸ் ஓரிரு முறை குத்தியதிலேயே கழன்றுவிடும், மக்காச்சோளத்தில் அது தொற்றாது. பப்பாளிக்கு வந்து சேரும்போது அந்த அசுவினி வெறும் அசுவினிதான். இது நோயை முழுதாக நிறுத்தாது, தள்ளிப்போடும். பப்பாளியில் முதல் சில மாதங்கள் நோயில்லாமல் கடந்தாலே அறுவடையில் பெரிய வித்தியாசம் தெரியும்.